உதடு சொன்ன பெயர்

திரையில் செத்துக்கொண்டிருந்த பெண்ணின் உதடுகள், நோர்மாவின் கையிலிருந்த வசனத்தோடு ஒத்துப்போகவில்லை.

ஊமையாக எடுத்து வரும் படங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் ரோமில் அவளுடைய இருபது வருஷப் பிழைப்பு. காட்சியைத் துண்டாக வெட்டி, முனைகளை ஒட்டி, வளையமாகச் சுற்றவிடுவார்கள். பழைய சிகரெட் நெடியும் சூடேறிய இயந்திர எண்ணெயின் வாடையும் தேங்கிய அந்த ஜன்னலில்லாத அறையில், குரல் பொருந்தும்வரை அதே பெண் மறுபடி மறுபடி சாவாள்.

"நோர்மாக்கா, இதுவரைக்கும் எத்தனை தடவை செத்திருப்பீங்க?" கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளன் நாந்தோ கேட்டான்.

"நாப்பத்தொண்ணு. ஒருத்தனுக்காவது ஒழுங்கா கொல்லத் தெரியுதா?"

அவன் பக்கத்திலிருந்த டைரக்டர் ருஜ்ஜேரோ சிரிக்கவில்லை.

தாளில் இருந்தது, 'யார் நீங்க? விடுங்க!' நடிகை மில்காவின் வாய் அதைச் சொல்லவில்லை. படப்பிடிப்பு முடிந்ததுமே யூகோஸ்லாவியாவுக்குக் கிளம்பிவிட்டாள் என்று டைரக்டர்தான் சொன்னார். அவளுக்குக் கடிதம் போட்டவர்கள் யாருக்கும் பதில் வரவில்லை. தன் படங்களில் கொலைகாரனின் கையுறை மாட்டிய கைகளாக எப்போதும் டைரக்டரே நடிப்பார். ஒரு ஆள் செலவு மிச்சம் என்பார்.

வளையம் சுற்றியது. உதடு குவிந்தது. விரிந்தது. மறுபடி குவிந்தது.

'வேணாம்' என்பது புரிந்தது. அதற்கு முன்னால் ஒரு பெயர்.

நோர்மா தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தாளைப் படி. படித்துவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போ.

பதிவு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. இருபது வருஷப் பழக்கம் தாளைப் பார்க்காது, உதட்டைத்தான் பார்க்கும்.

"ருஜ்ஜேரோ... வேணாம்!"

அச்சாகப் பொருந்தியது.

"என்னக்கா, டைரக்டரையே வம்புக்கு இழுக்குறீங்க?" நாந்தோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"போய் மூணு காப்பி வாங்கிட்டு வா, நாந்தோ," என்றார் டைரக்டர்.

கதவு சாத்திக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க சார்... வாய் தவறிடுச்சு."

"தவறல." அவள் மாட்டியிருந்த ஹெட்ஃபோனுக்குள் அவர் குரல் மிக அருகில் கேட்டது. "அடுத்த வளையத்தைப் பாரு. இதுக்கு இன்னும் வசனம் எழுதல. நீயே சொல்லு."

திரையில் ஒரு மாடிப்படி. காரை பெயர்ந்த சுவர். காய்கறிப் பையோடு படியேறும் ஒரு பெண்ணின் முதுகு.

பச்சைக் கோட்டு. போன வாரம்தான் வாங்கியது.

நோர்மாவின் வீட்டுப் படி.

இரண்டு படி பின்னால் கேமரா. சத்தமே இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் தேடினாள். திறந்தாள். உள்ளே போனாள்.

கேமராவும் உள்ளே போனது.