மணிக்குப் பத்து தடவை

காலை எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி மருமகள் கூடத்துக்கு ஓடிவந்தாள்.

"வந்துட்டா! கடன்காரன்கூட இப்படி மணி பார்த்து வரமாட்டான்!" என்றாள் மாமியார்.

நாற்காலியில் இருந்த கணவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவன் அவன். மூன்று வாரத்துக்கு முன், நழுவிய கண்ணாடியைப் பிடிக்கப் போய் வலது கையில் இரண்டு விரல்களின் தசைநார்கள் அறுந்துபோயின. டாக்டர் தைத்துவிட்டார். ஆனால் பிசியோதெரபிஸ்ட் அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "தைச்ச நார் ஒட்டணும், ஆனா சுத்தியிருக்கிற சதையோட ஒட்டிக்கக் கூடாது. சும்மா வச்சிருந்தா தழும்பு பிடிச்சு, விரல் மடங்காமப் போயிடும். அவரா மடக்கவோ, எதையும் பிடிக்கவோ கூடாது. மணிக்குப் பத்து தடவை நீங்கதான் மடக்கி விடணும்."

மறுநாளே மருமகள் தன் பல் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லிக்காட்டவில்லை.

அவன் கையின் பின்புறம் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாங்கியின் பட்டையைத் தளர்த்தி, விரலை மெல்ல மடக்கினாள். மூன்றாவது தடவையில் "அம்மா!" என்று அவன் கத்திவிட்டான். அவ்வளவுதான், மாமியார் பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"வெட்டுப்பட்ட கையை ஆட்டிக்கிட்டே இருந்தா எங்கடி ஒட்டும்? இதைப் பாரு!" கொக்கி மாதிரி வளைந்து நின்ற தன் மோதிரவிரலை நீட்டினாள். "இவன் கைக்குழந்தையா இருக்கிறப்போ கத்தி பட்டது. மூணு மாசம் அசைக்காமக் கட்டி வச்சிருந்தேன். அழறானேன்னு ஒரே ஒரு நாள் இவனைத் தூக்கினேன்... அந்த ஒரு நாள் என் விரலைக் கொண்டுபோயிடுச்சு! இனிமே என் புள்ள கையைத் தொட்டே... நடக்கிறதே வேற!"

மருமகள் கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்களேன்..."

"கொஞ்ச நாள் விடேன்... உயிர் போகுது" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாமியார் பேசியது காதோடு போயிற்று. கணவன் சொன்னதுதான் அவளைச் சுட்டது.

நாலு நாள்... மாமியார் மகன் கையைத் துணியால் இறுக்கிச் சுற்றிக் காவல் இருந்தாள். இவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அலாரம் அடிக்கும்போதெல்லாம் கூடத்து வாசல்வரை வருவாள், நிற்பாள், திரும்பிப் போவாள். துடைத்த மேடையையே மறுபடி துடைப்பாள். அவன் இனி கண்ணாடி வெட்டும் கருவியைப் பிடிப்பானா என்ற ஒரே நினைப்பு அவளை அரித்தது.

ஐந்தாம் நாள் மூவரும் பரிசோதனைக்குப் போனார்கள். பிசியோதெரபிஸ்ட் அவன் மோதிரவிரலை மடக்கிப் பார்த்தாள். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"போன வாரம் உள்ளங்கையைத் தொட்டதே! என்னம்மா பண்ணினீங்க? நீங்கதானே பொறுப்பு?"

அறையே கேட்கும்படியான கேள்வி. கணவன் தரையைப் பார்த்தான். மருமகள் முன்னால் வந்தாள்.

"என் தப்புதாங்க... நாலு நாள் விட்டுட்டேன்."

"இவ்வளவு அலட்சியமா? புருஷன் கையாச்சேன்னு..."

"போதும்மா!" மாமியார் எழுந்தே விட்டாள். "அவளைத் திட்டாதீங்க. கட்டி வச்சது நான்! ஆட்டினா இப்படி ஆயிடும்னு..." தன் வளைந்த விரலை நீட்டினாள்.

பிசியோதெரபிஸ்ட் அந்த விரலை வாங்கி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க தூக்கினப்போ நார் அறுந்திருந்தா விரல் தளர்ந்து கிடக்கும்மா. இது தழும்புல ஒட்டிக்கிட்டு நிக்குது. குழந்தையைத் தூக்கினதால வந்ததில்ல. மூணு மாசம் அசைக்காம வச்சதால வந்தது."

மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ... தூக்கினது தப்பில்லையா? அதுக்கப்புறம் நான் இவனைத் தூக்கவே இல்லையேம்மா! ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வருவான்... பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வேன்..."

விம்மி அழுதாள். மருமகள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை... அழாதீங்க அத்தை..."

"பழியை ஏன்டி நீ சுமந்தே? அப்படி என்னடி செஞ்சேன் நான் உனக்கு!"

"நானும் வாயைத் திறக்கல... மன்னிச்சுடு" என்றான் கணவன் மெதுவாக.

"உங்களை வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இன்னும் கைமீறிப் போகல. ஆனா இனி ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

மாமியார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

"அப்புறம் என்னடி பார்த்துக்கிட்டு நிக்கறே? ஆரம்பி. கத்தினா கத்தட்டும்."

மகனுக்குப் பின்னால் போய் நின்று, அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மருமகள் விரலை மடக்கினாள்.

"ஒண்ணு..." என்று மாமியார் எண்ணத் தொடங்கினாள்.