செங்காவிச் சுவரில் சின்னக் கை

வாடகை அறையின் வெள்ளைச் சுவரில், கட்டிலுக்கு மேலே, ஒரு சின்னக் கை தெரிந்தது. காலையில் ஓவியர் வேலைக்குக் கிளம்பும்போது அது இல்லை.

வரைந்த கை அல்ல அது. பதித்த கை. ஊர் ஊராகப் போய், விடுதிகளின் வரவேற்பறைச் சுவர்களில் ஆதிமனிதர்களின் பாறை ஓவியங்களைப் போல வரைந்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. குகையில் அவர்கள் கையை எப்படிப் பதித்தார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பாறையில் கையை வைத்து, வாயில் செங்காவிக் கரைசலை அடக்கி, அதன் மேல் ஊதுவார்கள். கையை எடுத்தால் சுற்றிலும் சிவப்பு, நடுவே கை வடிவில் வெறும் பாறை. கை வைக்காமல் அந்த வடிவம் விழாது. இந்தச் சுவரிலும் அப்படித்தான் விழுந்திருந்தது, ஐந்து விரலும் கொழுகொழுவென்று.

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடெல்லாம் செங்காவி.

மகள் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. போன கோடையில் மூவருமாக அந்தப் பாறை ஓவியக் குகை பார்க்கப் போனார்கள். அங்கே நீள விரல்களோடு இருந்த ஒரு பழைய கைத் தடத்தின் மேல் குட்டி தன் கையை வைத்து அளந்து பார்த்தாள். திரும்பியதும் குட்டிக்குக் காய்ச்சல். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவளையும் பறிகொடுத்துவிட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று ஓவியருக்கு உள்ளுக்குள் நடுக்கம். தனியே விட மனமில்லாமல்தான் போகிற ஊருக்கெல்லாம் கூட்டிக்கொண்டு அலைகிறார்.

காவியை எடுத்தாயா என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினாள். யார் கையை வைத்து ஊதினாய் என்றதற்கு, இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள்.

"குட்டிதாங்க வச்சா. நான் ஊதினேன், அவ்வளவுதான்."

அவரால் திட்டவும் முடியவில்லை, சேர்ந்து அழவும் முடியவில்லை. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் கண்முன்னாலேயே ஊதிக் காட்டினால் வெறும் சிவப்புதான் விழும், பார்த்து வாய்விட்டு அழுவாள், அழுதால் தேறிவிடுவாள். நாளைக்கே அவள் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம்.

கிண்ணத்தில் காவியைக் கரைத்தபோது, மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை மாலை வெயிலோடு கலந்து அறையெங்கும் பரவியது; கீழ் வீட்டில் மூடாத குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. பழைய தடத்துக்குப் பக்கத்தில் வெறும் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இங்க பாரும்மா. ஒண்ணும் இல்ல."

ஒரு வாய் அடக்கிக்கொண்டு ஊதினார்.

தூறல்போலச் சிவப்பு படிந்தது. ஓரிடத்தில் மட்டும் படியவில்லை. உள்ளங்கை. பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக.

"குட்டி..." என்றார், காவி மோவாயில் வழிய. பயம் போன இடம் தெரியவில்லை. மனைவி சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! இன்னும் ஊதினால் தோள் தெரியும், முகம் தெரியும். ஆசை யாரை விட்டது? இன்னொரு வாய் அள்ளி, சற்றுக் கீழே ஊதினார்.

மணிக்கட்டு தெரிந்தது. அதன் இருபுறமும் வேறு விரல்கள் பிதுங்கியிருந்தன. பெரியவை. நீளமானவை. இறுக்கிப் பிடித்தவை.

மனைவியின் சிரிப்பு நின்றது.

"ஏங்க... யாரோ அவளைப் பிடிச்சிருக்காங்க."

ஓவியர் இரு கைகளாலும் சுவரைத் துழாவினார். ஜில்லென்ற சுண்ணாம்பு. பிடிக்க ஒன்றும் இல்லை. அவர் கண்ணெதிரே, ஈரச் சிவப்பைப் பிறாண்டிக்கொண்டு, சின்ன விரல் ஐந்தும் கீழே இழுபட்டன. ஐந்து வெள்ளைக் கோடுகள். கட்டில் வரை. கட்டிலுக்குப் பின்னால். தரை வரை.