பம்பரில் ஒரு கீறல்

"இயந்திரம் கொலை செய்யாது. மனிதன் மட்டுமே செய்வான்!"

பிணத்தின் தலைமாட்டில் நின்று, சட்டம் இயற்றுவது போல அறிவித்தார் இன்ஸ்பெக்டர் இன்னாசிமுத்து.

பசுமலைச் சரிவில் ஒரு பங்களா. கேட் ஓரமாக நசுங்கிக் கிடந்தார் மில் முதலாளி நல்லகாமன். மேட்டில் நின்ற அவருடைய அமெரிக்கக் கார் தானாகப் பின்னால் உருண்டு வந்து... நச்!

ஈக்கள் மொய்த்தன. மைத்துனன் கருத்தக்கண்ணன் ஈ ஓட்டவில்லை. துண்டால் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தான்!

"கீறல் விழுந்திருச்சு சார்... பார்ட்ஸ் கப்பல்லதான் வரணும்."

இன்னாசிமுத்து முறைத்ததும் துண்டை டிரைவர் பக்கம் நீட்டினான்.

"இந்த டிரைவர் பயதான் சார் கொன்னது! கியர் போடாம எறங்கிட்டான்!"

கைவிலங்கோடு முன்னால் வந்தான் டிரைவர் தவசி.

"அய்யா, இது ஆட்டோமேட்டிக் கியரு. 'பி'ல தள்ளுனா சக்கரம் பூட்டிக்கிரும். உள்ள பல்லு தேஞ்சு போச்சு, பூட்டு திடீர்னு வழுக்கிரும். ஹேண்ட் பிரேக்கும் அவுட்டு. அதனாலதான் லாரிக்காரன் மாதிரி எப்பவும் பின்சக்கரத்துக்குக் கல்லு வைப்பேன். இன்னைக்கும் வச்சேன். கல்லத்தான் காணோம்!"

"அமெரிக்காக்காரன் மூளைய நம்ப மாட்ட, கல்ல நம்புவ? பொட்டு வச்சுக் கும்பிடு, போ!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கல்லு கெடைக்கலேன்னா எனக்குத் தூக்குதானேய்யா?"

"வேற என்ன, மாலையா?"

கான்ஸ்டபிள் காளை தோட்டம் முழுக்கத் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் இன்ஸ்பெக்டர் காரைப் பழைய மேட்டுக்கே ஏற்றச் சொன்னார். தானே 'பி'யில் தள்ளினார். எஞ்சினை அணைத்தார். இறங்கினார். காரின் பின்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பாருங்கய்யா! அசையுதா?"

அசையவில்லை.

"கல்லாம், கல்லு! எம்புட்டு பெரிய புளுகு..."

டடக்!

கார் கிளம்பியது!

"அய்யோ அய்யா!" தவசி அலறினான்.

இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். சாக்கடையில் விழுந்தார்!

"வண்டி போச்சு! வண்டி போச்சு!" என்று கத்தியபடி ஓடினான் கருத்தக்கண்ணன். வழியோரக் குரோட்டன்ஸ் தொட்டியைப் புரட்டினான். அடியில் இருந்த குழியிலிருந்து ஒரு கருங்கல்லை உருவி, பின்சக்கரத்துக்குக் கொடுத்தான்.

கார் நின்றது. கேட்டுக்கு அரை அடி!

சாக்கடையிலிருந்து ஒரு தலை எழுந்தது. மூக்கில் வாழைப்பழத் தோல்.

"மாப்ள... அந்தக் கல்லு அங்க இருக்கறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

கருத்தக்கண்ணனின் கையிலிருந்து துண்டு நழுவியது.

"நீதான உருவுன? மாமன் நசுங்குனப்ப வைக்காத கல்ல, பம்பருக்காக வைக்கிறியே... தூ!"

"ஊர் முன்னாடி என்னைய எடுபிடின்னாரு சார்..."

விலங்கு கை மாறியது. தவசி அழுதுகொண்டே கும்பிட்டான்.

"கும்பிடாத. தள்ளி நில்லு, நாறுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷன் வாசல். மேடு பள்ளமில்லாத தரை. ஜீப்பை விட்டு இறங்கிய இன்னாசிமுத்து இருபுறமும் பார்த்தார். சத்தமில்லாமல் ஒரு செங்கல்லைப் பின்சக்கரத்தடியில் தள்ளினார்.

"அய்யா... ஜீப்புல ஹேண்ட் பிரேக் நல்லாத்தான இருக்கு?" காளை.

"தெரியும்யா... முன்சக்கரத்துக்கு ஒண்ணு பாரு!"