கூட்டாளியின் அப்பாவும் ஒரு பல்லும்

யோகராசாவின் முன்பல்லைத் தட்டியது அவருடைய மாடுதான். அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்த நேரம் பார்த்து, காதில் மொய்த்த இலையான் கடிக்கிறதென்று அது தலையை ஆட்டிவிட்டது. பாவம், மாட்டுக்கு என்ன தெரியும்? ஆனால் பல் போனது போனதுதான்.

அன்றோடு அவர் சண்டிலிப்பாய்ப் பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடுவதை விட்டுவிட்டார். வாயைத் திறந்தால் பல் இருந்த இடத்தால் காற்றுச் சீறியது. பூசை நேரத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அவருடைய மகள் தர்மிகா ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். அப்பாவின் பாட்டுக் கேட்காத வெள்ளிக்கிழமை அவளுக்கு வெள்ளிக்கிழமையாகவே தெரியவில்லை.

அதனால்தான் இன்று இருவரும் ஊருக்குக் கிட்டவுள்ள திருநெல்வேலியில், பல் டொக்டர் சிவகௌரியின் முன்னால் இருந்தார்கள். டொக்டரின் உள்ளங்கையில் ஒரு குட்டித் திருகாணி மின்னியது.

"இதைத் தாடை எலும்புக்குள்ளை வைப்பம், ஐயா. எலும்பு இதை இறுக்கிப் பிடிக்கவேணும். அதுக்குப் பிறகுதான் மேலை பல்லைப் பூட்டுவம்."

"பின்னேரத்துக்கிடையிலை பிடிச்சிடுமோ?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார்.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சில மாதம் செல்லும்."

அப்பாவின் முகம் வாடியது. தர்மிகா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, புகையிலைக் கன்று நட்டால், வேர் பிடிக்க முன்னம் இழுத்துப் பாப்பீங்களோ?"

"சீ! ஆரும் இழுப்பினமோ?"

"அதுமாதிரித்தான் இதுவும்."

அப்பா தலையாட்டினார். புகையிலைத் தோட்டம் செய்கிற அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சீனி வருத்தம் இருக்கோ? மருந்துக் குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை."

"சுருட்டு, சிகரெட்?"

அப்பா கூரையைப் பார்த்தார். "சேச்சே! அதெல்லாம் இல்லை."

தர்மிகாவுக்குத் திக்கென்றது. காலையில்கூடக் கிணற்றடியில் அவர் வாயில் சுருட்டுப் புகைந்ததே! இப்போது சொன்னால் அப்பாவுக்கு வெட்கமாகிவிடும். சொல்லாவிட்டால் பல்லுக்கு என்ன ஆகுமோ? அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"டொக்டர், என்ரை கூட்டாளி ஒருத்தியின்ரை அப்பாவும் இப்பிடிப் பல்லு வைக்கப்போறாராம். அவர் சுருட்டுப் பிடிக்கிறவர். அவருக்குப் பல்லு நிக்குமோ?"

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அப்பாவின் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த நெருப்புப்பெட்டியைப் பார்த்தார்.

"கஷ்டம், பிள்ளை. புகை பிடிச்சால் பல்லைச் சுத்தியிருக்கிற முரசுத் தசைக்குப் போற இரத்தம் குறையும். புண் ஆறச் சுணங்கும். எலும்பும் ஒழுங்காப் பிடிக்காமல் திருகாணி ஆடத் தொடங்கினால், கழட்டத்தான் வேண்டிவரும்."

"அப்ப அவருக்கு வைக்கவே ஏலாதோ?"

"ஏன் ஏலாது? சுருட்டை விட்டிட்டு வரச்சொல்லுங்கோ. டொக்டரிட்டை ஒண்டையும் ஒளிக்கவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. நாங்கள் ஏசமாட்டம்."

அப்பா மெல்ல நெருப்புப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"டொக்டர், அந்தக் கூட்டாளியின்ரை அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்."

"எனக்கும் இப்பதான் தெரியும்," என்றார் டொக்டர். "அவர் சுருட்டை விட்ட பிறகு நாள் குறிப்பம்."

சுருட்டு இலேசில் விடவில்லை. அப்பாவின் கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போகும். அங்கே தர்மிகா போட்டுவைத்த பெருஞ்சீரகம்தான் அகப்படும். "உன்னோடை பெரிய கரைச்சல்!" என்று சொல்லிக்கொண்டே அதை வாயில் போடுவார்.

திருகாணி வைத்த பிறகு மற்றவர்கள் முறுக்குக் கடிக்க, அவர் கஞ்சி குடித்தார். காலையும் இரவும் மெல்லப் பல் விளக்கினார். மாதங்கள் போயின. எலும்பு திருகாணியை இறுக்கிப் பிடித்தது. டொக்டர் அதன்மேல் பல்லைப் பூட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அப்பா தூணுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்து பாடினார். தர்மிகா கும்பிட்ட கையை எடுக்கவேயில்லை. அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன.

பல்லைக் காட்டப் போனபோது டொக்டர் கேட்டார், "பிள்ளை, கூட்டாளியின்ரை அப்பா எப்பிடி இருக்கிறார்?"

அப்பா முந்திக்கொண்டார். "நல்லா இருக்கிறார், டொக்டர். கோயிலிலையும் பாடினவர்."

பிறகு மகளின் தலையில் கையை வைத்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

"உனக்கு நன்றி சொல்லச் சொன்னவர், பிள்ளை."