ஆட்டம் காணாத டிரெய்லர்

“அக்கா, வால் ஆடுதுங்!”

“ஆடட்டும். பிரேக்குல கால வெச்சீன்னா கொன்னுபோடுவேன்,” என்றாள் பக்கத்தில் இருந்த பாவாயி.

அர்த்தநாரி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, டிரெய்லருக்கு மட்டுமான கைப்பிரேக்கை மெல்ல இழுத்தான். பின்னால் ஐஸ் பாறைகளோடு வந்த டிரெய்லர் இப்படியும் அப்படியும் அசைந்து அடங்கியது. லாரி சரிவின் அடியில் வந்து நின்றது.

நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான். ஆனால் ஓடும் பாரத்தின் உந்தம் பூமியில் இருப்பதுபோல அப்படியே இருக்கும். சக்கரம் தரையைப் பிடிப்பது குறைவு, பின்னால் தள்ளுவது குறையாது. பயத்தில் லாரியின் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் முந்திக்கொண்டு வரும்; இரண்டும் மடங்கிக் கவிழும். அப்படிப் பல வண்டிகள் கவிழ்ந்த பிறகுதான் டிரெய்லர்களுக்கு வால்மூளை என்றொரு கணினியை வைத்தார்கள். தன்னை இழுப்பவரைப் பார்த்துப் பார்த்து, பாதுகாப்பு என்றால் என்னவென்று அது கற்றுக்கொள்ளும். அதற்குக் குறைவாக ஓட்டுபவரைத் தன் கொக்கியை லாரியோடு பூட்டவிடாது. பழைய டிரைவர் கூட இருந்தால் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் சம்மதிக்கும்.

இந்த டிரெய்லர் பார்த்தது பாவாயியை மட்டும்தான். சங்ககிரியில் இருந்து வந்தவள். பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் ஏற்றச் சொல்வாள். ஊர்ப் பழக்கப்படி ஒவ்வொரு சக்கரத்தையும் கம்பியால் தட்டுவாள். காற்றில்லாத அந்த இடத்தில் சத்தம் வராது, கம்பியின் அதிர்வைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே ஏறுவாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வால் ஆடியதில்லை. நிலாக் குடியிருப்பு முழுக்க அவள் இழுத்து வந்த ஐஸ் உருகிய தண்ணீரைத்தான் குடித்தது.

இன்னும் சற்று நேரத்தில் பூமிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. அடுத்த வாரம் அவள் மகளுக்குக் கல்யாணம். டிரெய்லர் அர்த்தநாரியை ஏற்றுக்கொண்டால்தான் அவள் போக முடியும்.

வால்மூளை பேசியது: “ஆட்டம் ஏற்பட்டது. டிரைவர் சரியாகச் சமாளித்தார். பாவாயி ஓட்டினால் சமாளிக்க வேண்டியே வராது. இவருக்குப் பூட்ட இயலாது.”

“இதென்னுங், மாமியாளாட்டப் பேசுது!” என்றான் அர்த்தநாரி.

“அது சொல்றது நெசந்தானே?” பாவாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிப்போ மேலாளர் இரத்தினசபாபதியின் குரல் ரேடியோவில் வந்தது. “மூளைய அழிச்சுப்போடலாமுங். ஆனா மறுக்கா கத்துக்க மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சனம் எதைக் குடிக்கிறது?”

அர்த்தநாரி யோசித்தான். “அக்கா, நீங்க ஒருக்கா மோசமா ஓட்டுங். உங்குளுக்கும் வால் ஆடும்னு அது பாக்கட்டும். அப்பறம் என்னைய வேண்டாங்குமா?”

“நானா? மோசமாவா?”

“பாப்பா கல்யாணமுங்க்கா.”

பாவாயி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். செய்தி பரவி, மற்ற டிரைவர்கள் விண்ணுடையோடு சரிவின் இருபக்கமும் வந்து நின்றுவிட்டார்கள். மேலே போய்த் திரும்பி வேகமாக இறங்கினாள். வளைவில் லாரி பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் போதும். கால் பிரேக் வரைக்கும் போனது. போய், திரும்பி வந்தது. கை தானாக ஸ்டியரிங்கை அளந்து திருப்பியது. டிரெய்லர் கோடு பிடித்ததுபோலப் பின்னால் வந்தது.

“ஆட்டம் இல்லை,” என்றது வால்மூளை.

மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

“ஆட்டம் இல்லை.”

இருபக்கமும் நின்றவர்கள் கையை உயர்த்தித் தட்டினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த அர்த்தநாரி மட்டும் தட்டவில்லை. “ஒரே ஒரு மிதி, அதுகூட முடியிலீங்களா?”

“மிதிக்கத்தான் போனேன். காலு கேக்குலடா.”

தூரத்தில், பள்ளத்தின் விளிம்புக்கு மேலே கப்பல் ஒளியாகக் கிளம்பியது. கை தட்டியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மகளின் அழைப்பு வந்தது. “கப்பல் ஏறிட்டியாம்மா?”

“இல்ல கண்ணு.” பாவாயி ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. “இங்க என்னைய உட்டா ஆளில்லயாமா.”

மகளுக்கு அந்தக் குரலில் அழுகையும் கேட்டது. அதற்கு மேலே, மறைக்க முடியாமல், பெருமையும் கேட்டது.