குளுத்தி இல்லாத பாட்டு

வாகரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சுபாகரனுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஏன் இருக்காது? யுத்தம் முடிந்த அடுத்த வருஷமே அவனுடைய பிளாக் மெட்டல் பாட்டு சீடீயாக வந்துவிட்டதே. முகத்தில் சாம்பலும் கரியும் அப்பிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற கோஷ்டி அவனுடையது. சீடீ அட்டையில் கண்ணகை அம்மன் படம். கீழே ‘எங்கள் மூதாதையரின் நெருப்பு’ என்று கொட்டை எழுத்து. பாட்டின் நடுவில் வருகிற பெண் குரல் அவனுடைய அக்கா வசந்தாதேவியுடையது. அவளிடம் ஒரு சீடீ கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தான்.

அம்மன் கோயிலில் பாடுகிறவர்களை எல்லாம் சுனாமி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவள் அக்கா மட்டும். வைகாசிச் சடங்கில் அம்மன் ஊரை எரித்த பாட்டைப் பாடினால், பின்னால் குளுத்தி என்கிற குளிர்விக்கும் பாட்டையும் பாடி அம்மனை ஆற்றித்தான் கதவைச் சாத்துவார்கள். அவன் பதிவு செய்ய வந்தபோது அக்கா இரண்டையும் பாடித்தான் கொடுத்தாள். “குளுத்திய விட்டுராத தம்பி. அம்மன் சூட்டோட நிப்பா” என்றும் சொன்னாள். ஓம் ஓம் என்று தலையாட்டினான் மகராசன். பிறகு, தாலாட்டு மாதிரி இருக்கிறதே என்று குளுத்தியை வெட்டி அழித்தும் விட்டான்.

அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அத்தனையும் கருகிச் சுருண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கலாஜினி ஓடிவந்தாள். அக்காவுக்கு உடம்பு கொதிக்கிறது, ஆஸ்பத்திரி மருந்துக்கும் அடங்கவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உங்கட பாட்டு ரேடியோவில போன நாள்லருந்துதான் அண்ணன்.”

உள்ளே புகை இல்லை. ஆனால் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. பாயைச் சுற்றிலும் காலிக் குடங்கள். அக்காவின் மேல் போட்டிருந்த ஈரச் சீலை அவன் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.

“அக்கா.”

அவள் வாயைத் திறந்தாள். ஊரை எரித்த பாட்டு ஓங்கி எழும்பியது.

சட்டென்று நின்றது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

அவனுக்குத் தெரியாத இடமா அது? அவன் வெட்டிய இடம்.

“மிச்சத்தப் பாடு தம்பி” என்று முனகினாள்.

சுபாகரனுக்குக் குளுத்தியில் ஒரு வரிகூடத் தெரியாது. மூதாதையரை விற்கப் புறப்பட்டவனுக்கு அவர்கள் பாட்டில் பாதி தெரியாது. கலாஜினி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் அவனால் தலை தூக்க முடியவில்லை. அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, “ஆறுங்க தாயே, ஆறுங்க” என்று அழுதான்.

அந்தக் கால் அவன் கைக்குள்ளேயே குளிர்ந்தது.

அக்கா எழும்பி உட்கார்ந்தாள். அவள் சொந்தக் குரலில்தான் பேசினாள். அவன் நெற்றியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“என்ன தம்பி, உனக்கு இப்பிடிச் சுடுது?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அக்காவின் பாட்டு அவன் தொண்டையிலிருந்து வந்தது. வெட்டிய இடத்தில் நின்றது. மறுபடி தொடங்கியது.

பயப்படாதே, நான் குளுத்தி பாடுகிறேன் என்று அவனை மடியில் சாய்த்துக்கொண்டாள் அக்கா. உதட்டைத் திறந்தாள். அப்படியே இருந்தாள்.

அவன் அழித்த பாட்டில் அவளுக்கும் ஒரு வரி கூட வரவில்லை.

வாசலில் கலாஜினி புது வேப்பிலை செருகினாள். அவள் கையை எடுப்பதற்குள் அது சுருளத் தொடங்கியது.