கொக்கி தேவையில்லை

மெரில் கீழிருந்து உருவிய கயிறு ஈரமாக வந்தது.

மேலே அது சுற்றியிருந்த ஜூனிப்பர் மரம் எப்போதோ பட்டுப்போனது. பாறை காலை வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. தெற்கு யூட்டாவின் அந்த மூலையில் வாரக்கணக்காக ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் கயிற்றின் கடைசி நாலு முழம் சொட்டச் சொட்ட அவன் காலடியில் விழுந்தது. அதில் வெயிலே படாத தேங்கிய நீரின் நாற்றம் அடித்தது.

"உன் கை வேர்த்திருக்கும், பயந்தாங்கொள்ளி," என்று சிரித்தான் கூட இறங்கிய தேய்ன்.

வெள்ளம் அறுத்த இந்தக் குறுகிய, ஆழமான பாறைப் பிளவுகளில் அதுதான் வழக்கம். கயிற்றில் இறங்கியதும் கீழிருந்தே அதை உருவிக்கொள்வார்கள். பிறகு திரும்பிப் போக வழி கிடையாது, முன்னால்தான் போகவேண்டும். அதனாலேயே மேபெல் பிளவுக்குப் போகிறவர்கள் மெரிலின் இணையப் பக்கத்தைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார்கள். எந்த மண்பாதையில் வண்டி போகும், எந்தக் குழியில் எவ்வளவு தண்ணீர் என்று அவன் எழுதினால் அது வேதவாக்கு.

வசந்தத்தில் மழை பெய்த மறுநாள் மெரில் உள்ளே இறங்கவில்லை. மேலே நின்று முதல் குழியை எட்டிப் பார்த்தான், நிரம்பியிருந்தது. வீட்டுக்குப் போய், 'குழிகள் எல்லாம் தளும்புகின்றன, நீந்தியே விளிம்பைப் பிடிக்கலாம், கொக்கி தேவையில்லை' என்று எழுதிவிட்டான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குத்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் பெரிய குழியின் அடியில் நீரை வடித்துவிடும் ஒரு வெடிப்பு உண்டு. நிரம்பியிருந்தால் அது நீச்சல்குளம், வற்றினால் கிணறு.

கென்னா என்ற நர்சிங் மாணவி அதைப் படித்துவிட்டுத் தனியாகப் போனாள். வற்றிய குழியின் வழுக்குச் சுவரில் மாட்டி ஏறுவதற்கான கொக்கிகள் அவள் காரிலேயே கிடந்தன. அவள் திரும்பவில்லை என்ற செய்தி வந்ததும், தேடப் போவதற்கு முன்னால் மெரில் செய்த முதல் வேலை அந்த வரியை மாற்றியதுதான். 'கொக்கி கட்டாயம்.' எச்சரித்தும் கேட்காமல் போன பெண் என்று ஊர் பேசியது. அவள் அம்மாவும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். மெரில் அதைக் கேட்டுக்கொண்டே, துக்க வீட்டில் பரிமாறிய சீஸ் போட்ட உருளைக்கிழங்கை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

வற்றிய பெரிய குழியிலிருந்து அவள் உடலைச் சுமந்து வெளியே கொண்டுவந்தவன் தேய்ன். ஒருதடவை நேரில் போய்ப் பார்த்துப் புதிதாக எழுதலாம் என்று இன்று கூப்பிட்டதும் அவன்தான்.

உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கின. வானம் ஒரு நூலாகி, பிறகு அதுவும் பாறை மடிப்புகளுக்குள் மறைந்தது. நடுப்பகலிலேயே அந்திக்கருக்கலாய்ச் செம்மை மங்கிய அந்தச் சந்தில், இருவரும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர, மணல் காலடியில் நொறுங்கும் சத்தம் முன்னால் போய் மோதித் திரும்பி வந்தது. மெரில் நின்றான். தேய்னும் நின்றான். மணல் இன்னும் நொறுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

பெரிய குழி விளிம்புவரை தளும்பியது.

தேய்ன் வெகுநேரம் தண்ணீரையே பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"சிக்னல் இல்லாத எடத்துக்குப் போறவங்க உன் பக்கத்தப் போன்ல சேமிச்சு வச்சுப்பாங்கல்ல, மெரில்? அவ போன்ல நான் பாத்தேன். கொக்கி தேவையில்லைன்னுதான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.  சொல்லிவிட அது ஒன்றுதான் நேரம் என்று மெரிலுக்குத் தெரிந்தது.

"அது பழசுடா," என்றான். "அவ போறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்."

 தேய்ன் இரண்டு பைகளையும் அக்கரைக்கு வீசினான். கொக்கிகளும் அவற்றோடு போயின. நீந்திப் போய், கைப்பிடிச் சுவரில் ஏறுவதுபோல் சுலபமாக விளிம்பில் ஏறி, பைகளைத் தூக்கிக்கொண்டு வளைவைத் தாண்டி மறைந்தான். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மெரில் இறங்கினான். தண்ணீர் எலும்பைக் கடித்தது. நடுவில் நீந்தும்போது, எங்கோ அடியில், குளியல் தொட்டி காலியாவதுபோல் ஓர் உறிஞ்சும் சத்தம். அக்கரைச் சுவரைத் தொட்டான். விளிம்பு ஒரு கை உயரத்தில் இருந்தது. எம்பினான். எட்டவில்லை. மறுபடி எம்பும்போது இன்னும் மேலே போயிருந்தது. திரும்பிப் பார்த்தான். வந்த பக்கமும் உயர்ந்துவிட்டது. சுவர் முழுக்க வழுவழுவென்ற ஈரம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கால் மணலைத் தொட்டது. நீர் மார்பளவு. அங்கேயே நின்றுவிட்டது.

அவன் முகத்துக்கு நேராகச் சுவரில் கீறல்கள். இரு கை விரல்களும் இழுத்ததுபோல், பத்துப் பத்தாக. சில அப்போதுதான் கீறியவைபோல் இருந்தன.

"தேய்ன்! நான்தான்டா மாத்துனேன். அவ போனப்புறம்தான் மாத்துனேன். கயிறு போடு!"

 கயிறு வந்தது. விளிம்பிலிருந்து மெதுவாக, முகத்துக்கு நேரே இறங்கியது. மெரில் அழுதே விட்டான். பாய்ந்து பிடித்தான்.

ஈரம். அதே நாற்றம்.

வளைவுக்கு அப்பால், வெகுதொலைவில், தேய்னின் குரல் கேட்டது.

"என்னடா கத்துற? ஒண்ணும் கேக்கல. இரு, பையிலேர்ந்து கயித்த எடுத்துட்டு வரேன்."

மெரில் மேலே பார்த்தான்.

விளிம்பில் இரண்டு கைகள். நகங்கள் தேய்ந்து சதை தெரிந்த விரல்கள். அவன் பிடியிலிருந்து அவை கயிற்றை மேலே உருவிக்கொண்டிருந்தன, நிதானமாக, வழக்கப்படி.